அப்பாவின் ஜாக்-2 மாற்றம் பிள்ளைகளுக்கும் வருமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. கொஞ்ச நாளாகத் தலைவலி. குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் அரிப்பு. ஹீமோகுளோபின் 19.4 இருந்தது. ‘பாலிசைத்தீமியா வீரா’, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் நோய் என்கிறார்கள். ஜாக்-2 மரபணுப் பரிசோதனையும் பாசிட்டிவ். மரபணுக் கோளாறு என்றால் எனக்கும் தங்கைக்கும் வருமா, டாக்டர்? தங்கைக்கு வரன் பார்க்கும் நேரம். அம்மா சரியாகத் தூங்குவதே இல்லை.

பதில்: முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்: இது அப்பா பிறக்கும்போதே தாய் தந்தையிடமிருந்து வாங்கி வந்த கோளாறு அல்ல. அவருடைய எலும்பு மஜ்ஜையில், ரத்த அணுக்களை உருவாக்கும் ஒரே ஒரு தாய் செல்லில் (ஸ்டெம் செல்) இடையில் ஏற்பட்ட மாற்றம். விந்தணுவில் அது இல்லை. அதனால் உங்களுக்கும் தங்கைக்கும் அது வந்து சேர வழியில்லை.

மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20,000 கோடி சிவப்பணுக்களை உருவாக்குகிறது. செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் டிஎன்ஏ முழுவதும் நகலாகவேண்டும். அப்படி நகலாகும்போது எப்போதாவது ஓர் எழுத்து பிசகிவிடும். உங்கள் அப்பாவுக்குப் பிசகியது 9-வது குரோமோசோமில் உள்ள ஜாக்-2 மரபணுவில். பெரும்பாலும் அந்தப் புரதத்தின் 617-வது இடத்தில் வாலின் என்ற அமினோ அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் ஃபினைல்அலனின் என்ற வேறொரு அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அவ்வளவு சின்ன மாற்றம்தான். ஆனால் ‘சிவப்பணு தேவை’ என்று சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் ஹார்மோன் மூலம் அனுப்பும் உத்தரவை செல்லுக்குள் கொண்டுபோவது இந்த ஜாக்-2தான். அது மாறியதும், பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொண்ட அழைப்பு மணிபோல, உத்தரவே இல்லாதபோதும் ஒலித்துக்கொண்டிருக்கும். ரிப்போர்ட்டில் எரித்ரோபாய்ட்டின் அளவைப் பாருங்கள், அநேகமாகக் குறைவாகவே இருக்கும்.

இந்த மாற்றத்தை 2005-இல் கண்டுபிடித்தார்கள். இந்த நோய் உள்ளவர்களில் 100-க்கு சுமார் 95 பேருக்கு இதுவே காரணம்; மீதிப் பேரில் பலருக்கு அதே மரபணுவின் வேறொரு பகுதியில் மாற்றம் இருக்கும். அறிகுறி தெரிவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, சிலருக்குச் சிறுவயதிலேயே இது நடந்திருக்கலாம். அதனால் ‘அப்பா எதைச் சாப்பிட்டார், என்ன தப்பு செய்தார்’ என்று யாரும் தேடவேண்டாம்.

ஒன்றை மறைக்கக்கூடாது. நோயாளியின் நெருங்கிய ரத்த உறவினர்களுக்கு இவ்வகை நோய்கள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சில மடங்கு அதிகம். ஜாக்-2 மாற்றம் பரம்பரையாக வருவதில்லை. அது நேரக்கூடிய ஒரு போக்கு மட்டும் சில குடும்பங்களில் இருக்கிறது. ஆனால் நோயே மிக அரிது என்பதால், சில மடங்கு கூடினாலும் வாய்ப்பு மிகச் சொற்பம்தான். அறிகுறி எதுவும் இல்லாத தங்கைக்கு மரபணுப் பரிசோதனை தேவையில்லை. மனம் கேட்கவில்லை என்றால் ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் ஒரு சாதாரண சிபிசி பரிசோதனை போதும். கல்யாணத்தை இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, இப்போது கவனம் அப்பாமேல் இருக்கட்டும். இதை ரத்தப் புற்றுநோய் வகையில் சேர்த்திருப்பதை எங்காவது படித்துப் பதறவேண்டாம். மெதுவாகப் போகும் நோய், முறையாகச் சிகிச்சை எடுத்தால் பல ஆண்டுகள் நன்றாக இருக்கலாம். பயப்படவேண்டியது ரத்தம் கெட்டிப்பட்டு உறைவதற்குத்தான். அதனால் அவ்வப்போது ரத்தம் எடுத்து ஹீமடோகிரிட்டை (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 45 சதவீதத்துக்குக் கீழே வைப்பார்கள். ஒத்துக்கொண்டால் குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவார்கள். 60 வயதைத் தாண்டியவர் என்பதால் ரத்த அணு உற்பத்தியைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா போன்ற மருந்தும் வேண்டியிருக்கும். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். வாய் கோணல், பேச்சுக் குழறல், நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அப்புறம், ‘இவ்வளவு ரத்தம் எடுக்கிறார்களே’ என்று பாவப்பட்டு நீங்களாக இரும்புச்சத்து டானிக் வாங்கித் தராதீர்கள். அது மஜ்ஜைக்குத் தீனி போட்டு, எடுத்த ரத்தத்தைத் திரும்ப ஏற்றிவிடும்.