பழைய காரும் புரோட்டீன் டப்பாவும்: கொடுத்த பணம் திரும்புமா?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியுள்ள கடிதத்தின் சாரம் இது. நான்கு மாதங்களுக்கு முன்பு கோயம்புத்தூரில் உள்ள ஒரு கார் கன்சல்டிங் நிறுவனத்திடம், 2013ஆம் ஆண்டில் பதிவான பெட்ரோல் கார் ஒன்றைக் குடும்ப உபயோகத்துக்காக 2,85,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். "42,000 கி.மீ. மட்டுமே ஓடிய வண்டி" என்று விற்றவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார். கிளட்ச் பழுதாகி சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனபோது, 2021ஆம் ஆண்டிலேயே அந்த வண்டி 1,18,000 கி.மீ. ஓடிவிட்டதாக அங்குள்ள பதிவு காட்டியிருக்கிறது. விற்றவரிடம் கேட்டதற்கு, "உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன்" என்று இவர் கையெழுத்திட்ட தாளை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆர்.சி. இன்னும் பழைய உரிமையாளர் பெயரில்தான் இருக்கிறது. இதற்கிடையில், ஜிம்மில் டிரெய்னர் சொன்னதை நம்பி 6,400 ரூபாய்க்குப் புரோட்டீன் பவுடரும், கொழுப்பைக் கரைக்கும் என்று சொல்லப்பட்ட மாத்திரைகளும் வாங்கியிருக்கிறார். பவுடரால் பலன் தெரியவில்லை. மாத்திரை சாப்பிடத் தொடங்கிய சில நாட்களில் படபடப்பு ஏற்பட்டு அரசு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. கொடுத்த பணத்துக்கு இவை தகுமா, தகாது என்றால் திரும்பப் பெற முடியுமா என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் இரண்டு கேள்விகளையும் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு பொருள் அதன் விலைக்குத் தகுமா என்பதை எந்த நீதிமன்றமும் உங்களுக்காக முடிவு செய்யாது. இரண்டு லட்சம் பெறும் வண்டியை மூன்று லட்சத்துக்கு, எல்லா விவரமும் அறிந்து வாங்கினால், அந்த நட்டம் வாங்கியவருடையதுதான். ஆனால் எந்த விவரத்தை நம்பி அந்த விலைக்கு நீங்கள் ஒப்புக்கொண்டீர்களோ, அந்த விவரமே பொய் என்றால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. கார் விஷயத்தில் அப்படியொரு பொய், எழுத்து வடிவில், உங்கள் கைபேசியிலேயே இருக்கிறது. பவுடர் விஷயத்தில் அது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

காரை எடுத்துக்கொள்வோம். பழைய வண்டி என்பதால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புதிய பொருள், பழைய பொருள் என்று வேறுபாடு காட்டவில்லை. மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்துக்காகவோ வாங்காமல் சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர் நுகர்வோர். விற்பதைத் தொழிலாகச் செய்பவர் வணிகர். இதுவே பக்கத்து வீட்டுக்காரரிடம் அவருடைய சொந்தக் காரை வாங்கியிருந்தால், நீங்கள் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருந்திருக்கும். பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்வது, இச்சட்டத்தின் 2(47) பிரிவின்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. "எனக்கு வந்தபோதே மீட்டர் அப்படித்தான் இருந்தது, நான் திருப்பவில்லை" என்று விற்றவர் சொல்லக்கூடும். மீட்டரைத் திருப்பியது யார் என்பதை நிரூபிக்கும் பொறுப்பை நீங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். சொல்லப்பட்டது பொய், அதைச் சொன்னவர் இவர், அதை நம்பி விலை கொடுத்தேன் என்ற மூன்றையும் நிறுவினால் போதும் என்ற நிலையிலிருந்தே உங்கள் புகாரை எழுதுங்கள்.

அடுத்து, உங்களை அதிகம் கலங்கச் செய்திருக்கும் அந்தத் தாள். வாங்குபவரே சோதித்து வாங்க வேண்டும் என்பது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆவது பிரிவில் உள்ள பொது விதிதான். டயர் தேய்ந்திருந்தது, ஏ.சி. சரியாகக் குளிரவில்லை என்பன போன்ற குறைகளுக்கு "உள்ளது உள்ளபடி" என்ற வாசகம் விற்றவரைக் காப்பாற்றக்கூடும். ஏமாற்றி வாங்கிய சம்மதத்தை அது காப்பாற்றாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், மோசடியால் பெறப்பட்ட சம்மதத்தின் பேரில் உண்டான ஒப்பந்தத்தை, ஏமாற்றப்பட்டவர் விரும்பினால் ரத்து செய்யலாம் என்று 19ஆவது பிரிவில் சொல்கிறது. "சர்வீஸ் விவரத்தை நீங்களே விசாரித்திருக்கலாமே" என்ற வாதமும் வரும். சாதாரண கவனத்துடன் உண்மையைக் கண்டறிந்திருக்க முடியும் என்ற விதிவிலக்கு அதே பிரிவில் உள்ளதுதான். ஆனால் அது தவறான கூற்றுக்கும், மோசடியான மௌனத்துக்கும் உரியது. வாய்திறந்து சொன்ன, அதிலும் எழுதிக் கொடுத்த அப்பட்டமான பொய்க்கு அந்த விதிவிலக்கு இல்லை. இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. "உள்ளது உள்ளபடி" என்ற வாசகத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று அறிவிக்கும்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திடம் கோரிக்கை வைக்காதீர்கள். அந்த வகைப் புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்குத்தான் தரப்பட்டிருக்கிறது. அப்படிக் கேட்டால் அதிகார வரம்பைக் காட்டியே எதிர்த்தரப்பு வழக்கை இழுத்துவிடும்.

உண்மை தெரிந்த பிறகும் எதுவும் சொல்லாமல் வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பது, ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாக வாதிடப்படலாம். எனவே இந்த வாரமே விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) நோட்டீஸ் அனுப்பி, பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். சர்வீஸ் நிலையத்திடம் அந்தப் பதிவை முத்திரையும் கையெழுத்துமாகக் கேட்டு வாங்குங்கள். பழைய இன்ஷூரன்ஸ் ஆவணங்களிலும் ஓடிய தூரம் குறிக்கப்பட்டிருக்கலாம், கேட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் அந்தக் கைபேசியையே பத்திரப்படுத்துங்கள். அச்செடுத்துத் தரும்போது 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (சாட்சியச் சட்டம்) 63ஆவது பிரிவின்படி மின்னணு ஆவணத்துக்குத் தர வேண்டிய சான்றையும் இணையுங்கள். கிளட்ச் வேலையை முடிக்கும் முன் மீட்டரையும் கழற்றிய பாகங்களையும் தேதி தெரியப் படம் எடுத்து, மெக்கானிக்கிடம் எழுத்துமூலம் ஓர் அறிக்கை பெறுங்கள்.

புகாரை நீங்கள் வசிக்கும் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம்; கோயம்புத்தூருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம்; நீங்களே நேரில் வாதாடவும் உரிமை உண்டு. முதன்மைக் கோரிக்கையாக, காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழு விலையையும் வட்டியுடன் தர வேண்டும் என்று கேளுங்கள். நான்கு மாதம் ஓட்டிய வண்டி என்பதால் ஆணையம் அதற்குத் தயங்கினால், மாற்றுக் கோரிக்கையாக 42,000 கி.மீ. ஓடிய வண்டிக்கும் 1,18,000 கி.மீ.க்கு மேல் ஓடிய வண்டிக்கும் உள்ள விலை வித்தியாசத்தையும் இழப்பீட்டையும் கேளுங்கள். பலர் இந்த இரண்டாவது கோரிக்கையை எழுத மறந்து, எல்லாவற்றையும் இழக்கிறார்கள். காலக்கெடு இரண்டு ஆண்டுகள். மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிட நீளும் என்பதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஆர்.சி. பெயர் மாற்றம் ஆகாததை நீங்கள் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மிகுந்த கவலை தருவது அதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி, வாங்கியவர் முப்பது நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடமையில் உங்கள் தரப்பிலும் தாமதம் இருக்கிறது. விபத்து ஒன்று நடந்தால், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் நவீன் குமார் வழக்கில் தெளிவாகக் கூறியிருக்கிறது. அதனால் உங்களுக்குப் பாதிப்பில்லை என்று எண்ணிவிட வேண்டாம். பாலிசி உங்கள் பெயருக்கு மாறாத நிலையில், உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான கோரிக்கையை இன்ஷூரன்ஸ் நிறுவனம் மறுக்க இடமுண்டு. உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் பழைய உரிமையாளர் கையெழுத்திட்டிருக்கிறாரா, வண்டியின் மீது கடன் பதிவு நிலுவையில் உள்ளதா என்று உடனே பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வாகனம் விற்பவர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சான்றின் நகலை நோட்டீஸிலேயே கேளுங்கள். சான்று இல்லாவிட்டால் அது உங்கள் வழக்குக்கு வலு சேர்க்கும். பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும்போது, விபத்து அபாயத்தைத் தவிர்க்கவே இதைச் செய்கிறேன், ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று நோட்டீஸில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வண்டியை வைத்துக்கொள்வதா என்று யோசித்தால் இதையும் கணக்கில் சேருங்கள். பதிவு பதினைந்து ஆண்டுக்குத்தான். 2028இல் தகுதிச் சோதனை, 5,000 ரூபாய் புதுப்பிப்புக் கட்டணம், பசுமை வரி ஆகியவை காத்திருக்கின்றன, அதன் பிறகும் ஐந்தைந்து ஆண்டுகளாகவே புதுப்பிக்க முடியும். 2028 வரை மீதமுள்ள காலத்துக்கு என்ன விலை கொடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டால், விலை வித்தியாசத்தை வாங்கிக்கொண்டு சமரசம் செய்வதா என்பதற்கு விடை கிடைக்கும்.

இனி பவுடர். இதைக் கார் புகாருடன் சேர்க்காதீர்கள். விற்றவர் வேறு, பரிவர்த்தனை வேறு. உடம்பு ஏறவில்லை என்பது மட்டும் வழக்காகாது. டப்பாவில் எழுதியுள்ள அளவு புரதம் உள்ளே இல்லை என்பது வழக்காகும். அதை நிரூபிப்பதில்தான் சிக்கல். திறந்த டப்பாவைச் சோதனைக்கு அனுப்பினால், நீங்களே எதையோ கலந்துவிட்டதாகச் சொல்வார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவு, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்க வழி தருகிறது. ஆனால் வாங்கும்போதே, சோதனைக்கு அனுப்பப்போகிறேன் என்று விற்பவருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். ஆகவே அதே பேட்ச் எண் கொண்ட முத்திரை உடையாத இன்னொரு டப்பாவை அப்படித் தெரிவித்து வாங்கினால்தான் அறிக்கை நிற்கும். மொத்த நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிடும் வழக்கமான முறையை, கிளைசின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைக் கலந்து ஏமாற்ற முடியும் என்பதால், அமினோ அமில விவரமும் சோதனையில் வேண்டும் என்று கேளுங்கள். இத்தனை செலவும் 6,400 ரூபாய்க்காக என்றால், பில்லுடன் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்து பார்ப்பதே விவேகம். தசை வளர்ப்பதற்காகப் புரதப் பவுடர்களைத் தவிர்க்கும்படி ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டின் உணவு வழிகாட்டியிலேயே சொல்லியிருக்கிறது என்பதையும், அடுத்த டப்பா வாங்கும் முன் நினைவில் வையுங்கள்.

மாத்திரையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பண விஷயமல்ல. உடனே நிறுத்துங்கள். மீதமுள்ள மாத்திரைகளுடன் டப்பாவைக் குப்பையில் போடாமல் எடுத்து வையுங்கள். அதன் மீது பதினான்கு இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். உணவால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இழப்பீடு வழங்க உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் படபடப்புக்குக் காரணம் அந்த மாத்திரைதான் என்று காட்டுவது எளிதல்ல. மருத்துவமனைச் சீட்டில் நீங்கள் சாப்பிட்ட மாத்திரையின் பெயர் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு மீண்டும் அதே மருத்துவரைச் சந்தித்து, இதயப் பரிசோதனையையும் செய்துகொண்டு, அவர் காண்பதை அவர் கையாலேயே குறித்துத் தரும்படி கேளுங்கள்.