ஆறு பாட்டில், பத்துப் பேர், ஒரே மேசை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அடிலெய்டில் வசிக்கும் நாங்கள் பத்து நண்பர்கள், ஒயினில் ஆர்வமுள்ளவர்கள். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடுகிறோம். ஆளுக்கொரு பாட்டில் வருகிறது. எல்லாவற்றையும் கலந்து குடித்துச் சாப்பிட்டுப் பிரிகிறோம். எது எப்படி இருந்தது என்பது மறுநாள் யாருக்கும் நினைவில்லை. அடுத்த சந்திப்பை முறையாக ருசி பார்க்கும் விருந்தாக நடத்த விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது?
– எஸ்.ஆர்., அடிலெய்டு

பதில்: குறை உங்கள் பாட்டில்களில் இல்லை, அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட வழியில்லாமல் போவதில்தான் இருக்கிறது. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள பரோசாவின் சிவப்பு ஒயினான ஷிராஸையும், நியூசிலாந்தின் வெள்ளை ஒயினான சோவிஞான் பிளாங்கையும், ஏதோ ஓர் இத்தாலியச் சிவப்பு ஒயினையும் அடுத்தடுத்துக் குடித்தால், மூன்றும் வேறு வேறு என்பதற்கு மேல் நாக்குக்கு எதுவும் தெரியப் போவதில்லை. சிலவற்றை மாறாமல் வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றினால்தான் வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது பிடிபடும். ஒரே தயாரிப்பாளரின் ஒயினை வெவ்வேறு ஆண்டுகளிலிருந்து எடுத்து வரிசையாக வைக்கலாம்; ஒரே ஆண்டில் ஒரே வட்டாரத்தில் பலர் செய்தவற்றை வைக்கலாம்; ஒரே திராட்சையைப் பல நாடுகளிலிருந்து வரவழைக்கலாம். முதல் வகைக்குப் பழைய பாட்டில்கள் வேண்டும், அவற்றைத் தேடிப் பிடிப்பது எளிதல்ல என்பதால், முதல் விருந்துக்கு மூன்றாவது வகையையே பரிந்துரைக்கிறேன்.

அடிலெய்டுக்காரர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் திராட்சை, வெள்ளை ஒயின் தரும் ரீஸ்லிங். உங்கள் ஊருக்கு வடக்கே சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கிளேர் பள்ளத்தாக்கும், பரோசாவை ஒட்டி உயரத்தில் அமைந்த ஈடன் பள்ளத்தாக்கும் இந்தத் திராட்சையில் இனிப்பே இல்லாத, எலுமிச்சை மணம் கொண்ட, கூர்மையான புளிப்புள்ள ஒயினைத் தருகின்றன. அதே திராட்சை ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரையில் எட்டு, ஒன்பது சதவீத ஆல்கஹாலோடும் மெல்லிய இனிப்போடும் வருகிறது; பிரான்ஸின் அல்சாஸில் பெரும்பாலும் இனிப்பின்றி, சற்றுக் கனமாக இருக்கிறது. ரீஸ்லிங்கைப் பொதுவாக ஓக் மர வாசம் ஏறும்படி முதிர்விப்பதில்லை என்பதால், மண்ணும் தட்பவெப்பமும் செய்யும் மாற்றம் மறைப்பின்றித் தெரியும். விலையும் கைக்கு அடங்கும்.

பத்துப் பேருக்கு ஆறு ஒயின்கள் போதும். எட்டுக்கு மேல் போனால் கடைசி இரண்டும் வீண். முதல் சுற்றில் இந்த ஆண்டின் கிளேர், அதே ஆண்டின் ஈடன், ஏறத்தாழ பத்து ஆண்டு பழகிய ஒரு கிளேர் ஆகிய மூன்றை வையுங்கள். இரண்டாம் சுற்றில் அல்சாஸ் ஒன்று, மோசலின் இலகுவான வகையான கபினெட் ஒன்று, அதைவிடப் பழுத்த பழத்தில் செய்யும் ஷ்பேட்லேஸே ஒன்று. இனிப்பில்லாததிலிருந்து இனிப்பை நோக்கிப் போவதே வரிசை. இனிப்பான ஒயினைக் குடித்த வாய்க்கு அடுத்து வரும் இனிப்பற்ற ஒயின் வெறும் புளிப்பாகவே படும். பழகிய கிளேரில் மண்ணெண்ணெயை நினைவூட்டும் ஒரு வாசம் எழுந்தால் பாட்டில் கெட்டுவிட்டதென்று முடிவுகட்ட வேண்டாம். டிடிஎன் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சேர்மம் அது. வெயில் அதிகம் பட்ட ரீஸ்லிங் பழத்தின் நிறமிகள் சிதைந்து, ஆண்டுகள் போகப்போக வெளிப்படுவது. அதைக் கொண்டாடுபவரும் முகம் சுளிப்பவரும் உங்கள் பத்துப் பேரிலேயே இருப்பார்கள். அன்றைய மாலையின் நல்ல வாக்குவாதம் அங்கேதான் தொடங்கும்.

அளவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரு பாட்டிலில் 750 மில்லிலிட்டர் இருக்கிறது. ருசி பார்க்க ஆளுக்கு 50 மில்லிலிட்டர் ஊற்றினால் 500 செலவாகி, பாட்டிலுக்கு 250 சாப்பாட்டு வேளைக்கு மிஞ்சும். ஆறு ஒயினுக்கு ஆளுக்கு 300 மில்லிலிட்டர். சராசரியாக 11 சதவீத ஆல்கஹால் என்று வைத்துக்கொண்டால் அதில் ஏறத்தாழ 26 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கும். ஆஸ்திரேலியாவில் ஓர் அலகுப் பானம் என்பது 10 கிராம். சாப்பாட்டோடு மிச்சத்தையும் பகிர்ந்தால் மொத்தம் நான்கு அலகை நெருங்கிவிடும். வாகனம் ஓட்ட உங்கள் நாட்டில் அனுமதிக்கப்பட்ட இரத்த ஆல்கஹால் அளவு 0.05 சதவீதத்துக்கும் கீழ் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த விருந்துக்கு வருபவர் யாரும் காரில் வரக்கூடாது என்பது விளங்கும். ருசி பார்த்ததை விழுங்காமல் துப்புவதற்கு ஆளுக்கொரு மூடாத குவளையும் வையுங்கள். நம்மவர்களுக்கு மேசையில் அமர்ந்து துப்புவதென்றால் கூச்சம். வீட்டுக்காரரே முதலில் துப்பிக் காட்டினால் அந்தக் கூச்சம் போய்விடும்.

கேள்வி: பாட்டில்களை மறைத்து வைத்துத்தான் ருசி பார்க்க வேண்டுமா? எங்கள் குழுவில் சிலர் இதைத் தேர்வு வைப்பதாக நினைத்துத் தயங்குகிறார்கள்.
– கே.எம்., மெல்பர்ன்

பதில்: மறைத்துத்தான் வைக்க வேண்டும். யாருடைய அறிவையும் சோதிப்பதற்காக அல்ல, கண் சொல்வதை நாக்கு அப்படியே நம்பிவிடுகிறது என்பதற்காக. பிரான்ஸின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் இயல் படித்துக்கொண்டிருந்த 54 பேரிடம் மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கிய ஒரு வெள்ளை ஒயினைக் கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அவர்கள் அதன் மணத்தை விவரித்தார்கள். 2001இல் வெளியான இந்த ஆய்வைப் படித்த பின்பும் லேபிளைப் பார்த்துக்கொண்டே நடுநிலையாக ருசிப்பேன் என்று ஒருவர் சொன்னால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. 1976 மே 24 அன்று பாரிஸில் பிரிட்டிஷ் ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய புகழ்பெற்ற ருசிப்போட்டியும் இதற்குச் சான்று. பிரெஞ்சு நடுவர்கள் லேபிள் பாராமல் மதிப்பெண் இட்டதில், வெள்ளையில் கலிபோர்னியாவின் ஷத்தோ மொன்டலீனா 1973ஆம் ஆண்டு ஷார்டொனேயும், சிவப்பில் அதே கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸின் 1973ஆம் ஆண்டு கேபர்னே சோவிஞானும் முதலிடம் பெற்றன. போர்தோவின் புகழ்பெற்ற சிவப்பு ஒயின்களான மூத்தோன் ரோத்ஷில்டும் ஓ பிரியோனும் பின்னால் நின்றன. பாட்டில்கள் திறந்து வைக்கப்பட்டிருந்தால் அந்த வரிசை வந்திருக்குமா என்று நீங்களே யோசியுங்கள்.

மறைப்பதற்குக் காகிதப் பையும் ரப்பர் வளையமும் போதும். கழுத்தில் சுற்றிய உறையை முழுதும் நீக்கிவிடுங்கள். பாட்டிலின் வடிவமும் காட்டிக்கொடுக்கும்: போர்தோ பாட்டிலுக்குத் தோள் உயர்ந்திருக்கும், பர்கண்டி பாட்டிலுக்குச் சரிந்திருக்கும், ரீஸ்லிங் பாட்டில் ஒல்லியாக நெடிது நிற்கும். வெவ்வேறு வடிவங்கள் கலந்து வந்தால் ஒயினை ஒரே மாதிரியான வெறும் பாட்டில்களுக்கு மாற்றி எண்ணிட்டுவிடலாம். கார்க்கையும் திருகுமூடியையும் வைத்து நாட்டை ஊகிக்கும் கெட்டிக்காரர்கள் உண்டு. கிளேர் பள்ளத்தாக்கின் தயாரிப்பாளர்கள் பலர் 2000ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து ஒன்றுகூடித் திருகுமூடிக்கு மாறியது அந்த அளவுக்கு அறியப்பட்ட செய்தி. ஆகவே மூடிகளையும் சமையலறையிலேயே விட்டுவிடுங்கள்.

ஊற்றியபின் ஒவ்வொரு சுற்றுக்கும் பத்து நிமிடம் யாரும் பேசக்கூடாது, எழுத மட்டும் செய்யலாம் என்று விதி வையுங்கள். "வாழைப்பழ வாசம் வருகிறதே" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அடுத்த நொடியில் மேசை முழுக்க வாழைப்பழம் மணக்கும். பேச வேண்டிய நேரம் வரும்போது குழுவில் அனுபவம் மிகக் குறைந்தவரிடமிருந்து தொடங்கி, எல்லாம் அறிந்தவராகக் கருதப்படுபவரைக் கடைசிக்கு நிறுத்துங்கள். எல்லாக் குழுவிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். மதிப்பெண்ணைவிடத் தரவரிசை நல்லது. ஒருவர் எல்லாவற்றுக்கும் 18ம், இன்னொருவர் எல்லாவற்றுக்கும் 12ம் கொடுக்கும் சிக்கல் அதில் இல்லை. ஒவ்வொருவரும் ஒன்றிலிருந்து ஆறுவரை வரிசைப்படுத்தி, எண்களைக் கூட்டினால், குறைந்த கூட்டுத்தொகை பெற்றதே அன்றைய முதல் ஒயின். அதன்பிறகுதான் பைகளைக் கழற்ற வேண்டும்.

கேள்வி: என் கணவரும் அவருடைய நண்பர்களும் இப்படியொரு விருந்து ஏற்பாடு செய்கிறார்கள். நான் மது அருந்துவதில்லை. நானும் கலந்துகொள்வதில் பொருள் உண்டா?
– வாசகி, சிட்னி

பதில்: அந்த விருந்துக்கு நீங்கள்தான் மிகவும் தேவைப்படுபவர். எந்தப் பாட்டில் எந்த எண் என்பதை அறிந்த ஒருவர், தாம் ருசி பார்க்காமல், முகக்குறிப்பாலும் காட்டிக்கொடுக்காமல் ஊற்ற வேண்டும். குடிப்பவர் எவரும் அதைச் சரியாகச் செய்வதில்லை. நேரத்தைக் கவனிப்பதையும் தரவரிசையைக் கூட்டுவதையும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். முகர்ந்து பார்ப்பதில் உங்களுக்குத் தடையில்லை என்றால் மணத்தைப் பற்றிய உங்கள் குறிப்பையும் சேருங்கள். நாள்தோறும் தாளிப்பின் பதத்தை மணத்தால் அறிகிற மூக்குக்கு இதில் தனிப் பயிற்சி தேவைப்படாது. ஒரே ஒரு நிபந்தனை: அன்று அந்த அறையில் மல்லிகைப்பூ, ஊதுபத்தி, வாசனைத் திரவியம் எதுவும் கூடாது.

கேள்வி: விருந்தில் நம் ஊர்ச் சமையலைப் பரிமாறலாமா, அல்லது பாலாடைக்கட்டியும் ரொட்டியும்தான் வைக்க வேண்டுமா?
– ஜே.பி., டொராண்டோ

பதில்: ருசி பார்ப்பதையும் சாப்பிடுவதையும் பிரித்துவிட்டால் இந்தக் கவலை தீர்ந்துவிடும். முதல் ஒன்றரை மணி நேரம் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும் மட்டுமே மேசையில் இருக்கட்டும். பாலாடைக்கட்டிகூட அப்போது வேண்டாம். அதன் கொழுப்பும் உப்பும் துவர்ப்பை மழுக்கிச் சுமாரான ஒயினையும் நல்லதாகக் காட்டிவிடும். ஒயின் வாங்கும்போது ஆப்பிளோடும் விற்கும்போது பாலாடைக்கட்டியோடும் ருசி பார் என்று ஐரோப்பிய வணிகர்கள் சொல்லி வைத்ததும் அதனால்தான்.

அதன்பிறகு வரும் சாப்பாட்டுக்கு நம் சமையல் தாராளமாகப் பொருந்தும், எதனோடு எது என்று பார்த்துக்கொண்டால். மிளகாயின் உறைப்பு ஆல்கஹாலின் எரிச்சலையும் சிவப்பு ஒயினின் துவர்ப்பையும் கூட்டிவிடும். ஆகவே 15 சதவீத ஷிராஸோடு செட்டிநாட்டுக் கோழியை வைப்பது இரண்டுக்கும் அநியாயம். ஆல்கஹால் குறைந்து, இனிப்புச் சற்று இருக்கும் மோசல் கபினெட் அந்த உறைப்பைத் தணிக்கும். புளியும் தக்காளியும் ஓங்கிய குழம்புக்கு எதிரே புளிப்புக் குறைந்த ஒயின் சப்பென்று ஆகிவிடும் என்பதால், அங்கேயும் ரீஸ்லிங் போன்ற புளிப்பு மிகுந்ததே நிற்கும். இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும், எலுமிச்சை பிழிந்த மீன் வறுவலும் கிளேர் ரீஸ்லிங்கோடு சேர்வதைப்போல வேறெதுவும் சேர்வதில்லை என்பது என் கட்சி. ரசத்தோடு எந்த ஒயினும் ஒத்துப்போகாது. அதை அன்று விட்டுவிடுங்கள். பாயசமும் அப்படியே. இனிப்புப் பண்டத்தைவிட ஒயின் இனிப்பாக இருந்தால்தான் எடுபடும். வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பாயசத்தை வெல்லும் அளவுக்கு இனிப்பான ஒயினுக்கு ஆகும் செலவில் இன்னொரு விருந்தே நடத்திவிடலாம்.

கேள்வி: செலவை எப்படிப் பங்கிடுவது? சென்ற முறை ஒருவர் விலையுயர்ந்த பாட்டில் கொண்டுவந்தார், இன்னொருவர் கடையில் கண்ணில் பட்டதை எடுத்து வந்தார். மனத்தாங்கல் வந்துவிட்டது.
– ஆர்.டி., அடிலெய்டு

பதில்: ஆளுக்கொரு பாட்டில் என்ற வழக்கத்தை விட்டுவிட்டு, ஒருவரே எல்லாவற்றையும் வாங்கி, ரசீதைக் காட்டி, மொத்தத்தைச் சமமாகப் பிரிப்பதுதான் சண்டையில்லாத வழி. ஒயினுக்குத் தலைக்கு இவ்வளவு என்ற உச்சவரம்பை முன்பே எல்லோரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். சமைப்பவரின் மளிகைச் செலவும் வாடகைக் கோப்பைகளின் கட்டணமும் கணக்கில் சேர வேண்டும். யாராவது தம் சேமிப்பிலிருந்து பழைய பாட்டில் தந்தால், வாங்கிய விலையைத் தருவதா, இன்றைய விலையைத் தருவதா என்பதைத் திறப்பதற்கு முன் பேசிவிடுங்கள். திறந்தபின் பேசினால் நட்பு கசக்கும்.

கார்க் மூடிய ஒயினாக இருந்தால் மாற்றாக ஒரு பாட்டில் கூடுதலாக வாங்குவதும் அவசியம். டிசிஏ என்னும் சேர்மம் கார்க்கில் கலந்திருந்தால், லிட்டருக்குச் சில நானோகிராம் அளவிலேயே ஒயினில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாசம் ஏறிவிடும். உடலுக்குக் கேடில்லை, ஆனால் பழத்தின் மணம் போய்விடும். விருந்தாளிகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே திறந்து ஒவ்வொன்றையும் முகர்ந்துவிட்டால், அந்த வாசம் வீசும் பாட்டிலை ஓரங்கட்டி மாற்றை எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: வெயில் காலத்தில் விருந்து வைத்தால் ஒயினை எந்தக் குளிர்ச்சியில் கொடுப்பது? எத்தனை கோப்பைகள் வேண்டும்?
– எஸ்.ஆர்., அடிலெய்டு

பதில்: ரீஸ்லிங்குக்கு 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் சரி. வீட்டுக் குளிர்ப்பெட்டி 4 டிகிரியில் இருக்கும். அங்கிருந்து நேராக ஊற்றினால் மணமே எழாது, ஊற்றுவதற்கு இருபது நிமிடம் முன்பாக வெளியே எடுத்து வையுங்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் கொடுக்கலாம் என்பது 18 டிகிரியைத் தாண்டாத பழைய ஐரோப்பிய அறைகளுக்கான பேச்சு. 40 டிகிரியைத் தொடும் உங்கள் ஊர்க் கோடையில் அதையும் அரை மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்தெடுக்க வேண்டும்.

மூன்று மூன்றாக ஊற்றுவதால் ஆளுக்கு மூன்று கோப்பை, ஆக முப்பது. வாய் குறுகி வயிறு அகன்றதாக, எல்லாம் ஒரே வடிவமாக இருந்தால் போதும், விலை முக்கியமல்ல. அலமாரியில் தூங்கிய கோப்பைகளில் மர வாசமும், துடைத்த துணியின் சோப்பு வாசமும் ஒட்டியிருக்கும் என்பதால், அன்று காலையே வெந்நீரில் அலசி, கவிழ்க்காமல் காயவிடுங்கள். முதல் சுற்று முடிந்ததும் அதே கோப்பைகளைத் தண்ணீர் விட்டு அலசி இரண்டாம் சுற்றுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். மிச்சமாகும் ரீஸ்லிங் மூடியைத் திருகிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மூன்று நாளாவது தாங்கும். பத்து ஆண்டு பழகிய அந்த ஒன்றை மட்டும் அன்றிரவே முடித்துவிடுங்கள்.