பாதையும் படகும்

அன்புள்ள ஐயா,
திருகோணமலை உப்புவெளியில் பிறந்து பத்து வயதில் கொழும்புக்கு வந்துவிட்டேன். போரை நேரில் பார்த்ததில்லை. அனுபவம் இல்லாத நான் திருகோணமலையை நாவலாக எழுதலாமா? எந்தப் பதிப்பகத்தை அணுகலாம்? தமிழ்நாட்டு வாசகருக்காக ஊர்ச் சொற்களைக் குறைக்கலாமா? முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.
க., வெள்ளவத்தை

அன்புள்ள க.,

பதிப்பகத்தைப் பற்றி நாவல் முடிந்த பிறகு பேசலாம்.

ஊரை எழுதியே தீர வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. திருகோணமலையின் இன்னாசித்தம்பி 1891இல் எழுதிய 'ஊசோன் பாலந்தை கதை' அயல்நாட்டு அரச குடும்பக் கதை. அதே ஊரின் சரவணமுத்துப்பிள்ளை 1895இல் எழுதிய 'மோகனாங்கி' நாயக்கர் காலத்துத் தமிழகத்துக்குப் போய்விட்டது. ஆனால் போரைப் பார்க்காததை ஒரு குறையைப் போல எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி எனக்குக் கோபமூட்டியது. 2006இல் சம்பூரிலிருந்து உடுத்த துணியோடு வெளியேறியவர்கள் எவருடைய நாவலுக்கும் மூலதனம் சேர்க்கவில்லை.

என்னை எழுத வைத்தது உங்கள் மூன்றாவது கேள்வி. உங்கள் அத்தியாயத்தில் வரும் கிழவர் கடலைப் பார்த்து, "பருவக்காற்று மாறுகிறது" என்கிறார். எங்கள் கரையில் எந்த மீனவர் அப்படிச் சொல்வார்? மேற்கிலிருந்து தரையைக் கடந்து சுட்டுக்கொண்டு வருவது கச்சான். மழையோடு வந்து கடலைக் கொந்தளிக்க வைத்து, வள்ளங்களைக் கரையேற்றி, கோடை முழுவதும் கரையில் குடிசை போட்டு வாடியடித்திருந்த மேற்குக்கரை மீனவர்களை ஊருக்கு அனுப்புவது வாடை. கிழவரின் கையில் காசு புழங்கும் மாதங்களும் கடன் கேட்டு நிற்கும் மாதங்களும் அந்தப் பெயர்களுக்குள் இருக்கின்றன.

இதே பிழையை நானும் செய்தவன். கிண்ணியாவில் 2009இல் பாலம் திறக்கும் வரை, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றித் துறையைக் கடந்த மிதவைக்கு எங்கள் பக்கத்தில் 'பாதை' என்று பெயர். வெளியூர் வாசகர் அதைத் தெரு என்று எண்ணிவிடுவாரோ என்று அஞ்சி, என் முதல் நாவலில் 'படகு' என்று எழுதினேன். அம்மா வாசித்துவிட்டு, "நாங்க எப்பயடா படகில போனனாங்க? தம்பிக்குக் காய்ச்சல் எண்டு பாதைக்கு வெயிலுக்க நிண்டது மறந்து போச்சா?" என்று கேட்டார். மறக்கவில்லை. பாதை அக்கரையில் நின்றது. லொறிகள் ஏறி முடியும் வரை அது திரும்பாது. அம்மா முந்தானையை நனைத்து நனைத்துத் தம்பியின் நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தார். படகென்று எழுதியதும் என் பாத்திரங்கள் துறைக்கு வந்தார்கள், ஏறினார்கள், இறங்கினார்கள். அந்த நாவலில் ஒருவர்கூடக் காத்து நிற்கவில்லை. சொல்லை மாற்றியபோது அந்த வெயிலையும் சேர்த்து வெட்டியிருக்கிறேன் என்பது அச்சேறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

எட்டாம் பக்கத்தில் உங்கள் அம்மம்மா கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் விரலை வைத்துப் பார்த்து, சூடு குறைந்த கிணற்றில் அள்ளி உங்கள் தலையில் ஊற்றுகிறார். அதை இரண்டு தரம் வாசித்தேன். அங்கே ஒரு சொல்லையும் தொட வேண்டாம். மூன்றாம் பக்கத்துக் கிழவரை மட்டும் திருத்தி அனுப்புங்கள்.