ஏணியில் கண் இருட்டியதை ஏன் கடைசியில் எழுதினீர்கள்?

கேள்வி: எனக்கு 34 வயது. சென்னையில் ஏசி மெக்கானிக். நான்கு மாதமாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது. சில நேரம் ஒரு துடிப்பை விட்டுவிட்டு அடிப்பது போல் இருக்கிறது. இசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்), 24 மணி நேர ஹோல்ட்டர் (உடம்பில் மாட்டும் துடிப்புப் பதிவுப் பெட்டி) எல்லாம் நார்மல். இதயத் துடிப்பு நிபுணரைப் பார்க்க அடுத்த மாதம்தான் தேதி கிடைத்திருக்கிறது. தூக்கத்தில் வாட்ச் நிமிடத்துக்கு 48 துடிப்பு காட்டுகிறது. இடது பக்கம் படுத்தால் துடிப்பு காதில் கேட்கிறது. தினமும் கேஸ் மாத்திரை போடுகிறேன். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த படபடப்பு மாத்திரையும் சில நாள் போட்டேன். ஜிம்மில் சுருண்டு விழுகிறவர்களின் வீடியோவைப் பார்த்தால் தூக்கமே வருவதில்லை. இப்போது சீசன், லீவு போட்டால் ஓனர் வேறு ஆளைப் பார்த்துவிடுவார். போன வாரம் ஏணியில் நின்றபோது இரண்டு நொடி கண் இருட்டிக்கொண்டு வந்தது. வேலைக்குப் போகலாமா டாக்டர்?

பதில்: போகலாம். ஆனால் ஏணியில் ஏறக் கூடாது, பைக் ஓட்டக் கூடாது. காரணம் தெரிகிறவரை இந்த இரண்டும் கிடையாது. இதில் பேரம் பேசாதீர்கள்.

படபடப்பைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு, கண் இருட்டியதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் உங்கள் கடிதம். படபடப்பு மட்டும் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு ஆபத்து ஒன்றும் இருப்பதில்லை. மயக்கமோ கண் இருட்டலோ கூடச் சேர்ந்தால் கணக்கு மாறுகிறது. இதயம் தாறுமாறான வேகத்தில் ஓடினாலும் சரி, சில நொடி நின்று போனாலும் சரி, மூளைக்கு ரத்தம் போவது குறைந்துவிடும். முழுக்க நின்றால் பத்து நொடிக்குள் ஆள் சரிந்துவிடுவார். தரையில் நின்றிருந்தால் முட்டி சிராய்க்கும், எழுந்து வந்து என்னைப் பார்ப்பார். மூன்றாவது மாடியில், சன்ஷேடில் ஒரு காலும் அவுட்டோர் ஸ்டாண்டில் ஒரு காலுமாக நிற்கிறவருக்கு அந்த வாய்ப்பு கிடையாது. இதயத்தில் கோளாறே இல்லாமல், வெறும் வெயில் மயக்கமாக இருந்தாலும் அந்த உயரத்தில் முடிவு ஒன்றுதான்.

எப்படி இருட்டியது என்று நினைத்துப் பாருங்கள். காலையில் சாப்பிடாமல் மொட்டை மாடி வெயிலில் வெகுநேரம் நின்று, குமட்டி, வியர்த்து, காது அடைத்து, பார்வை மெல்ல மெல்ல மங்கியது என்றால் பெரும்பாலும் சாதாரண மயக்கம். கீழே இறங்கிக் காலை நீட்டிப் படுத்து, தண்ணீர் குடித்தால் தெளிந்துவிடும். அப்படி இல்லாமல், ஸ்விட்சை அணைத்த மாதிரி முன்னறிவிப்பே இல்லாமல் இருட்டி உடனே தெளிந்ததா? அதற்குச் சற்று முன் படபடப்பு வந்ததா? யூனிட்டைத் தூக்கும்போதோ படி ஏறும்போதோ வந்ததா? சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் எப்போதாவது வந்திருக்கிறதா? இதில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் அடுத்த மாதம் வரை காத்திருக்காதீர்கள். நாளைக் காலையிலேயே நிபுணரின் கிளினிக்குக்குப் போன் செய்து, ‘எனக்குக் கண் இருட்டியது’ என்று சொல்லுங்கள். ‘படபடப்பு’ என்று மட்டும் சொன்னால் ரிசப்ஷனில் இருப்பவர் தேதியை மாற்ற மாட்டார், அவர்மேல் தப்பும் இல்லை. முழுதாக நினைவு தப்பினாலோ, படபடப்போடு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் வந்தாலோ 108தான். நண்பன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும் வேலையெல்லாம் வேண்டாம்.

அப்புறம், வீட்டில் பெரியவர்களிடம் ஒன்று கேளுங்கள். ரத்த சொந்தத்தில் யாராவது 40 வயதுக்குள் திடீரென்று இறந்திருக்கிறார்களா? நன்றாக நீந்தத் தெரிந்தவர் கிணற்றில் மூழ்கிப் போனதும், தூங்கப் போனவர் எழுந்திருக்காததும் இதில் சேர்த்தி. ‘காத்து கருப்பு அடிச்சிருச்சு’ என்று குடும்பத்தில் சொல்லி முடித்திருப்பார்கள். நிபுணர் அதைப் பரம்பரை இதயக் கோளாறின் அடையாளமா என்று பார்ப்பார்.

எல்லா டெஸ்ட்டும் நார்மல் என்கிறீர்களே. இசிஜி வெறும் 10 நொடிப் பதிவு. ஹோல்ட்டர் ஒரு நாள் பதிவு. அன்றைக்குப் படபடப்பு வந்ததா? பெரும்பாலானோர் அந்தப் பெட்டியை மாட்டிக்கொண்டு லீவு போட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். படுத்திருக்கிறவரின் இதயத்தைத்தான் அது பதிவு செய்யும். அதைக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி நார்மன் ஹோல்ட்டர், 1940களில் ஏறக்குறைய 38 கிலோ கருவியை முதுகில் சுமந்துகொண்டு நடமாடிக் காட்டினார். இயங்குகிற மனிதனின் இதயத்தைப் பார்ப்பதுதான் அவருக்கு நோக்கமே. உங்களுக்கு அடுத்து 14 நாள் வரை மார்பில் ஒட்டியிருக்கும் பேட்ச் வைக்கலாம். படபடப்பு எப்போதாவதுதான் வருகிறது என்றால், தோலுக்கடியில் வைத்துச் சில வருடங்கள் வரை பதிவு செய்கிற சின்னக் கருவியும் இருக்கிறது. எதை மாட்டினாலும் (உயரம் தவிர) வழக்கமான வேலையைச் செய்யுங்கள், படபடத்த நேரத்தைக் குறித்து வையுங்கள்.

இனி நீங்கள் பயப்படுகிற மற்ற விஷயங்கள். உடல் உழைப்பு உள்ள 34 வயதுக்காரருக்குத் தூக்கத்தில் 48 என்பது நல்ல எண். இடது பக்கம் படுத்தால் இதயம் நெஞ்சுக்கூட்டுக்கு நெருக்கமாக வரும், அடிப்பு தெரியத்தான் செய்யும். விட்டுவிட்டு அடிப்பது பெரும்பாலும் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வருவதால். அதற்கடுத்த இடைவெளி நீளும், அடுத்த அடி பலமாக விழும். ஆரோக்கியமானவர்களுக்கும் இது உண்டு, எனக்கும் உண்டு. ஜிம் வீடியோக்களை நிறுத்துங்கள். அதில் விழுகிறவருக்கு என்ன நோய் என்று அனுப்பியவருக்கும் தெரியாது. இளம் வயதுத் திடீர் மரணத்துக்கு முக்கியமான ஒரு காரணம் இதயத் தசை தடித்துப்போவது. உங்கள் எக்கோ நார்மலாக இருப்பதால் அது பெரும்பாலும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். வாட்சையும் ரொம்ப நம்பாதீர்கள். ஸ்பேனர் பிடித்துத் திருகுகிற கையில் கட்டினால் அது எதை எதையோ எண்ணும்.

பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரைக்கு வருகிறேன். அது புரோப்ரனலாலாக இருக்கும், அட்டையைப் பாருங்கள். உங்கள் இதயம் வேகமாக ஓடி இருட்டியதா, மெதுவாகி இருட்டியதா என்பதே இன்னும் தெரியாது. மெதுவாகி இருட்டியிருந்தால், இன்னும் மெதுவாக்குகிற மாத்திரையை யாரோ கொடுத்தார்கள் என்று நீங்களே வாங்கிப் போட்டிருக்கிறீர்கள்! ஆஸ்துமா இருந்தால் மூச்சையும் இறுக்கிவிடும். ஹோல்ட்டர் மாட்டிய நாளில் அதைப் போட்டிருந்தால், அந்த ‘நார்மல்’ ரிப்போர்ட்டுக்கும் மதிப்புக் குறைவு. போட்ட தேதிகளை மறைக்காமல் நிபுணரிடம் சொல்லுங்கள்.

கேஸ் மாத்திரை விஷயம்தான் எனக்கு இன்னும் எரிச்சலூட்டுகிறது. கடையில் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற கேப்சூல் பலவற்றில் பான்டோப்ரசோலோடு டோம்பெரிடோனும் இருக்கும். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மின்சார அளவில் தன்னைத் தயார்படுத்திக்கொள்ள எடுக்கும் நேரத்தை டோம்பெரிடோன் சிலருக்கு நீட்டிவிடும். அது ரொம்ப நீண்டால் ஆபத்தான தாளக் கோளாறு வரலாம். தொண்டைவலி என்று நாமே வாங்குகிற அசித்ரோமைசினும் அப்படித்தான், இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். பான்டோப்ரசோலை மாதக்கணக்கில் விழுங்கினால் ரத்தத்தில் மெக்னீசியம் குறையலாம், அதுவும் துடிப்பைக் கெடுக்கும். டோம்பெரிடோன் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். பொட்டாசியம், மெக்னீசியம், தைராய்டு, ஹீமோகுளோபின் பார்த்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

ஓனரிடம் என்ன சொல்வது? நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, அது என்னவென்று நமக்கே இன்னும் தெரியாது. ‘பரிசோதனை முடியும்வரை உயரத்தில் வேலை, வண்டி ஓட்டுதல் கூடாது’ என்று உங்கள் டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கிக் கொடுங்கள். கழற்றிக் கீழே இறக்கி வைத்த இன்டோர் யூனிட்டின் சர்வீஸ், கடையில் போர்டு ரிப்பேர், தரையில் இருக்கும் யூனிட்டுக்கு கேஸ் சார்ஜ் செய்வது எல்லாம் செய்யலாம். மேலே ஹெல்ப்பர் ஏறட்டும், பைக்கையும் அவரே ஓட்டட்டும். டார்ச் வைத்துச் செம்புக் குழாயைப் பற்றவைக்கும்போது தனியாக இருக்காதீர்கள். சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால், போதுமான நாள் சந்தா கட்டியிருந்தால், இஎஸ்ஐ டாக்டரின் சான்றோடு எடுக்கும் மருத்துவ விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அது உங்கள் பணம், கேட்டு வாங்குங்கள்.

ஒரு வேலை மட்டும் பாக்கி. அடுத்த முறை படபடப்பு ஆரம்பித்தால், வேலையை அப்படியே விட்டுவிட்டு, யாரையாவது கூட்டிக்கொண்டு பக்கத்தில் இருக்கிற எந்தக் கிளினிக்கிலாவது, அது நிற்பதற்குள் ஓர் இசிஜி எடுத்துவிடுங்கள். நார்மலாக இருக்கும்போது எடுத்த பத்து இசிஜியைவிட அந்த ஒன்று நிபுணருக்குப் பயன்படும். ரிப்போர்ட்டை மட்டுமல்ல, கோடு போட்ட தாளையே கேட்டு வாங்குங்கள். நாளானால் அந்தத் தாள் மங்கிவிடும், அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.