கச்சான் வெக்கையும் பசுங்கூரையும்: கேள்வி பதில்

திருகோணமலைக் கட்டடங்களில் கூரைமேல் செடி வளர்ப்பது குறித்து வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குக் கட்டடப் பொறியியலாளர் ஒருவர் பதிலளிக்கிறார்.

உவர்மலை வாசகர்: ஐயா, கச்சான் என்னும் வரண்ட காற்று வீசும் காலத்தில் எங்கள் மேல்மாடியில் இரவிலும் படுக்க முடிவதில்லை. கூரையில் செடி வளர்த்தால் உண்மையாகவே வெக்கை குறையுமா?

குறையும். வெறும் கொங்கிறீற் தட்டு பகல் முழுவதும் வாங்கிய சூட்டை இரவில் அறைக்குள் இறக்குகிறது. நீங்கள் படும் அவதி பெரும்பாலும் அதனால்தான். மண்ணும் இலையும் தட்டை வெயிலிலிருந்து மறைக்கின்றன. அத்துடன், ஒரு லீற்றர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோயூல் வெப்பம் செலவாவதால், உள்ளே இறங்கவேண்டிய சூட்டின் ஒரு பங்கு காற்றோடு போய்விடுகிறது. ஆனால் இந்த இரண்டாவது நன்மை மண்ணில் ஈரம் உள்ளவரை மட்டுமே கிடைக்கும். கச்சான் வீசும் மாதங்களில் நீர் ஊற்றாவிட்டால் எஞ்சுவது நிழல்தான். கீழ்மாடியில் இருப்பவர்களுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிண்ணியா வாசகர்: எங்கள் வீட்டுத் தட்டு போட்டுப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. மண் பாரத்தைத் தாங்குமா?

எல்லாரும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது. 10 சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்பிய சாதாரண தோட்ட மண், மழையில் ஊறினால் ஒரு சதுர மீற்றருக்கு 180 முதல் 200 கிலோகிராம் வரை நிறுக்கும். ஆட்கள் ஏறி நடமாடும் கூரையையே சதுர மீற்றருக்கு 150 கிலோகிராம் அளவான சுமைக்குத்தான் வழமையாக வடிவமைப்பார்கள். ஆகவே வளவு மண்ணை அப்படியே ஏற்றக் கூடாது. தும்புத்தூளும் உமிக்கரியும் கலந்தால் பாரம் குறையும். எனினும் கலவையை ஒரு வாளியில் இட்டு, நன்றாக ஊறவைத்த பின்னரே நிறுத்துப் பாருங்கள், ஏனெனில் தும்புத்தூள் நீரைப் பிடித்துவைக்கும். தட்டின் அடிப்பக்கத்தில் துருக்கறையோ பூச்சுப் பெயர்வோ தெரிந்தால், கடலுப்பு கம்பிவரை சென்றிருக்கக்கூடும். திருத்தும்வரை செடி வேண்டாம். எதுவாயினும், வீட்டின் வரைபடத்துடன் ஒரு பொறியியலாளரிடம் தட்டை நேரில் காட்டுங்கள்.

உப்புவெளி வாசகி: உப்புக் காற்றில் எந்தச் செடி பிழைக்கும்?

பத்துமணிப்பூ, கற்றாழை. அடம்பன் கொடி உப்புக்கு அஞ்சாது. ஆனால் சொன்ன இடத்தில் நில்லாமல் வடிகால் வாயை மூடிவிடும் என்பதால் அடிக்கடி வெட்ட நேரும். காகம் எச்சமிட்டு முளைக்கும் ஆல், அரசங் கன்றுகளைக் கண்ட அன்றே வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

மூதூர் வாசகர்: மாரியில் வெள்ளம் குறையுமா? நுளம்பு பெருகாதா?

முதல் மழையின் பெரும்பகுதியை உலர்ந்த மண் உறிஞ்சிக்கொள்ளும். நாட்கணக்கில் பெய்தால் மண் நிரம்பிவிடும். பிறகு நீர் சற்றுத் தாமதித்து இறங்குமே தவிர, குறையாது. நுளம்பு மண்ணில் பெருகுவதில்லை. அடைபட்ட வடிகாலிலும் சாடித் தட்டிலும் தேங்கும் நீரில்தான் பெருகும். ஐப்பசிக்கு முன்னரே வடிகாலைத் துப்புரவாக்குங்கள்.

தம்பலகாமம் வாசகர்: கூரை ஒழுகினால் என்ன செய்வது?

முறையாகப் போட்ட நீர்த்தடுப்புப் படை, வெயில் படாமல் மண்ணுக்கடியில் இருப்பதால், வெறுங்கூரையில் உழைப்பதைவிட நீண்டகாலம் உழைக்கும். அதன்மேல் வேர்த்தடுப்பு விரிப்பும் அவசியம். வடிகாலை அடைத்து 48 மணிநேரம் நீர் தேக்கி, கீழே கசிவு இல்லையென்று கண்ட பின்னரே மண்ணை ஏற்றுங்கள். பிறகு ஒழுக்கைத் தேடுவதென்றால் முழுத் தோட்டத்தையும் அள்ள வேண்டிவரும்.