மோட்டார் வக்கீல் பதில்கள்

கேள்வி: ரோடு அரசாங்கத்துச் சொத்து, அதனால் நினைத்தால் தனியார் பஸ்ஸையே நிறுத்திவிடலாம் என்கிறார் என் மைத்துனர். சரியா?
– வாசகர், சங்கரன்கோவில்

பதில்: நேரமும் கட்டணமும் அரசு விதிக்கலாம். பெர்மிட் இல்லாமல் பஸ் விட முடியாது. அதுவரை மைத்துனர் சொல்வது சரி. 'ரோடு என்னுது' என்ற வாதம் மட்டும் 1954-லேயே உச்ச நீதிமன்றத்தில் எடுபடாமல் போய்விட்டது.

உத்தரப் பிரதேசத்தில் புலந்த்ஷஹர்–டெல்லி தடத்தில் ஓடிய தனியார் பஸ்களை, 1951-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றைக் காட்டி அரசு விலக்கியது. இனி அரசு பஸ் மட்டும்தானாம். முதலாளிகள் அலகாபாத்தில் தோற்று, டெல்லிக்குப் போய் ஜெயித்தார்கள். அதுதான் சகீர் அகமது வழக்கு. நெடுஞ்சாலையை அரசு மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதில் பஸ் விட்டுப் பிழைப்பது அரசு போடும் பிச்சை இல்லை, உரிமை. இதற்கு நீதிபதி முகர்ஜியா துணைக்கு எடுத்துக்கொண்டது எதை என்கிறீர்கள்? தென்காசி சி.எஸ்.எஸ். மோட்டார் சர்வீஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் வெங்கடராம அய்யர் எழுதியதை. உங்கள் பக்கத்து ஊர்ச் சமாச்சாரம்!

அரசு சும்மா இருக்குமா? ஒரு தொழிலை அரசே முழுதாக எடுத்து நடத்தலாம் என்று 1951 ஜூனில் அரசியல் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். உ.பி. சட்டம் அதற்குச் சில மாதம் முந்தியது, அதனால் தப்பவில்லை. 1956-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே தனி அத்தியாயம் சேர்த்தார்கள். திட்டத்தை வெளியிட்டு, ஆட்சேபம் கேட்டு, அப்புறம்தான் தனியாரை விலக்கலாம்.

அந்தக் 'கேட்டு' என்ற இடத்தில் ஆந்திர அரசு சறுக்கியது. கிருஷ்ணா மாவட்டத்து பஸ் முதலாளிகளின் ஆட்சேபத்தைக் கேட்டவர் போக்குவரத்துத் துறைச் செயலாளர். முடிவு சொன்னவர் முதலமைச்சர். வாதத்தைக் கேட்காதவர் எப்படித் தீர்ப்பது என்று 1958-ல் அதையும் உச்ச நீதிமன்றம் தள்ளியது. ஆக, நிறுத்த முடியும், முறைப்படி. இப்போதைய 1988 சட்டத்தில் 99, 100-ஆம் பிரிவுகளை மைத்துனருக்குக் காட்டுங்கள்.

கேள்வி: நாலு நிமிஷத்துக்காக பஸ்காரர்கள் அடித்துக்கொள்கிறார்களே?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ஆர்.டி.ஓ. ஆபீஸில் டைமிங் தகராறு நடக்கும்போது கட்சிக்காரரோடு உட்கார்ந்திருக்கிறேன். 8.40-க்கு ஸ்டாண்டில் எடுப்பவருக்குப் பள்ளிக்கூடமும் ஆபீஸும் படிக்கட்டு வரை தொங்கும். 8.44-காரருக்குக் காலி சீட்தான். டீசல் இரண்டு பேருக்கும் ஒரே விலை, அம்மா.