ஜெர்மன் பி1 போதுமா? செயலி போதுமா?

ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்வில் தேறிவிட்டேன், போனில் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கிறது, அடுத்த மாதம் ஸ்டுட்கார்ட் வருகிறேன், மொழியால் இனி என்ன சிக்கல் வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியாத சொல்லால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது, யாரையாவது கேட்டுவிடுவீர்கள். தெரிந்த மாதிரி இருக்கிற சொல்தான் காசையும் நேரத்தையும் தின்னும்.

முதலில் தபால். ‘மானுங்’, ‘மான்பெஷைட்’ என்று இரண்டு உண்டு. செயலியில் இரண்டுமே ஏதோ நினைவூட்டல் கடிதம் போலத்தான் தெரியும். மானுங் என்பது கடையோ இணைய இணைப்பு கொடுத்தவரோ ‘பணம் இன்னும் வரவில்லை’ என்று அனுப்புவது. மான்பெஷைட் நீதிமன்றத்திலிருந்து வருவது. பாக்கி உண்மையா என்று நீதிமன்றம் விசாரித்து அனுப்புவதில்லை. பணம் கேட்பவர் முறைப்படி விண்ணப்பித்தாலே போதும். நீங்கள் தர வேண்டியதில்லை என்றால் 2 வாரத்துக்குள் கூடவே வரும் படிவத்தில் மறுப்பை நிரப்பி அனுப்பிவிடுங்கள். சும்மா இருந்தால் அடுத்து ‘ஃபோல்ஷ்ட்ரெக்குங்ஸ்பெஷைட்’, அதாவது பணத்தை வசூலிக்க அனுமதிக்கும் உத்தரவு வரும். அதை மறுக்கவும் 2 வாரம்தான், ஆனால் அது வந்துவிட்டால் அந்தக் கெடு முடியும் முன்பேகூடச் சம்பளத்திலோ வங்கிக் கணக்கிலோ கை வைக்கலாம். இவை மஞ்சள் உறையில் வரும். போட்ட தேதியைத் தபால்காரர் உறை மேலேயே எழுதியிருப்பார், கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடும். அதனால் உறையைக் குப்பையில் போடாதீர்கள்.

வெறும் ‘பெஷைட்’ என்றால் ஏதோ தகவல் என்று ஒதுக்கிவிடுவார்கள். அரசு அலுவலகம் அனுப்பினால் அது முடிவு, உத்தரவு. பெரும்பாலும் 1 மாதத்துக்குள் ஆட்சேபிக்கலாம். எங்கே, எத்தனை நாளுக்குள் என்பது கடைசிப் பக்கத்தில் ‘ரெஷ்ட்ஸ்பெஹெல்ஃப்ஸ்பெலேருங்’ என்ற தலைப்பில் இருக்கும். வாயில் நுழையாவிட்டாலும் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பத்திதான். சாதாரணத் தபாலில் வந்தால், அனுப்பிய 4-ஆம் நாள் உங்கள் கைக்குக் கிடைத்ததாகக் கணக்கு. 2025-க்கு முன் 3 நாள், பழைய பதிவுகளில் அப்படித்தான் இருக்கும்.

அடுத்து ‘ஷ்ரிஃப்ட்லிஷ்’. ‘எழுத்துமூலம்’ என்று செயலி சரியாகத்தான் சொல்லும். நாம்தான் மின்னஞ்சலும் எழுத்துதானே என்று நினைப்போம். வீட்டைக் காலி செய்ய நோட்டீஸ் கொடுக்கும்போது சட்டம் கேட்பது காகிதத்தில் கையால் போட்ட கையெழுத்தை. மின்னஞ்சலும் வாட்ஸ்ஆப்பும் செல்லாது. மாதத்தின் 3-ஆவது வேலை நாளுக்குள் கடிதம் வீட்டுக்காரர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். மே மாதம் அப்படிச் சேர்ந்தால் ஜூலை 31-உடன் முடியும். ஒரு நாள் பிந்தினால் ஆகஸ்ட் வாடகையும் உங்கள் தலையில். வரவு ஒப்புகையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

வாடகை விளம்பரத்தில் ‘கால்ட்மீட்டே’ என்பதைச் செயலி ‘குளிர் வாடகை’ என்று சொல்லிச் சிரிக்க வைக்கும். அது வெறும் இடத்துக்கான வாடகை. ‘வார்ம்மீட்டே’யில் வெப்பமூட்டும் செலவும் மற்றப் பராமரிப்புச் செலவும் சேரும், மின்சாரம் பெரும்பாலும் தனி. முன்பணம் கால்ட்மீட்டேயின் 3 மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது, அதை 3 மாதத் தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. ‘3 ட்ஸிம்மர்’ (3 அறை) என்றால் ஹாலும் கணக்கில் சேரும்; நம் ஊர்க் கணக்கில் அது இரண்டு படுக்கையறை வீடு. ‘ரென்டே’யைப் பார்த்து வாடகை என்று நினைக்காதீர்கள், அது ஓய்வூதியம். சம்பளச் சீட்டில் அந்தப் பெயரில் 9.3 சதவீதம் பிடிப்பார்கள், வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நேரத்தைக் காதால் கேட்கும்போது கவனம். ‘ஹால்ப் ட்ரை’யில் அரையும் மூன்றும் இருப்பதால் நம் மனம் உடனே மூன்றரை என்று சேர்த்துவிடும். அது இரண்டரை, மூன்றாவது மணியில் பாதி ஆகியிருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. ஸ்டுட்கார்ட் பக்கம் ‘ஃபியர்டல் ட்ரை’ என்றும் காதில் விழும். அது இரண்டேகால். பி1 புத்தகத்தில் இது இருக்காது. ‘ஃபியர்ட்ஸேன் ஊர் ட்ரைஸிஷ்?’ என்று 24 மணிக் கணக்கில் திருப்பிக் கேட்டு உறுதி செய்யுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

ஸ்டுட்கார்ட் பக்கத்துப் பேச்சுவழக்கான ஷ்வேபிஷில் ‘ஹேபன்’ என்றால் தூக்கு என்றல்ல, பிடித்துக்கொள். ‘டெப்பிஷ்’ கம்பளமல்ல, போர்வை. ‘ஃபூஸ்’ நம் ‘கால்’ மாதிரியேதான், பாதத்திலிருந்து தொடை வரைக்கும் ஒரே சொல். அதனால் மருத்துவரிடம் சொல்லோடு நிறுத்தாமல் வலிக்கிற இடத்தைக் கையால் காட்டுங்கள்.

மருத்துவரிடம் இன்னொன்று. ‘அலர்ஜி எதுவும் இல்லையே?’ என்றால் தமிழில் ‘ஆமா, இல்லை’ என்போம். அந்த ‘ஆமா’வை ‘யா’ ஆக்கினால் அவருக்குக் குழப்பம். இல்லை என்றால் ‘நைன்’. இருக்கிறது என்று மறுத்துச் சொல்ல ‘டோஹ்’ என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். அது நாக்கில் பழகும் வரை ‘இஷ் ஹாபெ கைனே அலெர்கீ’ (எனக்கு அலர்ஜி இல்லை) என்று முழு வாக்கியமாகவே பதில் சொல்லுங்கள்.